கரோல் பாக் இரண்டாம் மாடியின் விலை

ஓக்லா, 3 நவம்பர் 2025

அக்காவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்கினால் அங்கேயே காகிதத்தைக் கசக்கி எறிவாய். அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். நீ என் நம்பரை பிளாக் பண்ணி இரண்டு வருஷம் ஆகிறது. அத்தானுக்குப் போன் போட்டால், "எனக்கு எதுக்குப்பா வம்பு, உங்க அக்காகிட்டயே பேசிக்கோ" என்று வைத்துவிடுகிறார். அதுதான் கடிதம். தமிழில் எழுதினால் இன்னொரு சௌகரியம், என் மனைவிக்கும் பையன் ஜெயந்துக்கும் படிக்கத் தெரியாது. மேஜைமேல் கிடந்தாலும் பாதகமில்லை.

கரோல் பாக் வீட்டின் மேல் இருக்கும் லோனை வேறு பேங்குக்கு மாற்றுகிறேன். பாக்கி முப்பத்தாறு லட்சம். புது பேங்க் வீட்டுக்கு இன்றைய மதிப்பு என்ன என்று பார்த்து, அதில் நூற்றுக்கு அறுபது கடனாகக் கொடுக்கும். பழைய பாக்கியை அதிலேயே அடைத்துவிட்டு மீதியை என் கையில் தரும். இட்லி மாவு யூனிட்டைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டியிருக்கிறது, வேறொன்றுமில்லை.

பேங்க் வக்கீல் ஒரு சின்னக் காகிதம் கேட்கிறார். அப்பா போன பிறகு உன் பாதியை எனக்குக் கிரயம் செய்து கொடுத்தாய் அல்லவா, இனி உனக்கு அந்த வீட்டில் உரிமை இல்லை, கடன் வாங்க ஆட்சேபணையும் இல்லை என்று ஒரு அஃபிடவிட். வக்கீல் ஆபீஸிலிருந்து நேரே உனக்கு கூரியரில் வரும். கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கித் திருப்பி அனுப்பு. பத்து நிமிஷ வேலை. ஜல்தியாக வேண்டும்.

கதிரவன்


மயூர் விஹார், 14 நவம்பர் 2025

கதிரவா,

உன் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு என் பெயரில் ஒரு டப்பா லட்டு வாங்கிக் கொடு. அஃபிடவிட்டை மட்டும் அனுப்பாமல் மொத்தக் கட்டையும் சேர்த்துப் பின் பண்ணி அனுப்பிவிட்டான். ஏழாம் பக்கத்தில் வேல்யூயர் ரிப்போர்ட். வீட்டின் மதிப்பு ஒரு கோடியே எழுபத்திரண்டு லட்சம்.

2022 மார்ச்சில் நீ ஒரு வேல்யூயரை அழைத்து வந்தாயே, அந்த ரிப்போர்ட்டும் என்னிடம் இருக்கிறது. அவன் எழுதியது எண்பத்து நாலு லட்சம். அதில் பாதி என்று நாற்பத்திரண்டை என் கையில் கொடுத்துவிட்டு, முழு வீட்டையும் உன் பெயருக்கு எழுதிக்கொண்டாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அன்று கூரையில் நீர்க்கசிவு, தூணில் வெடிப்பு, லிஃப்ட் இல்லை, கட்டடத்துக்கு இன்னும் பதினைந்து வருஷ ஆயுள். இன்று நீர்க்கசிவு இல்லை, தூண் உறுதி, லிஃப்டைப் பற்றிப் பேச்சே இல்லை, மெட்ரோ நடக்கிற தூரத்தில், ஆயுள் நாற்பது வருஷம். மூன்று வருஷத்தில் கட்டடத்துக்கு வயசு குறைந்திருக்கிறது. என்ன மருந்து கொடுத்தாய் என்று சொல், எனக்கும் முட்டி வலிக்கிறது.

முப்பத்து நாலு வருஷம் ஆடிட்டில் இருந்தவள் நான். ஜாயின்ட் செக்ரட்டரி போட்ட டூர் பில்லைக்கூட வரி வரியாகப் படித்து வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் நீ, "இங்க போடுக்கா, இங்க, இதுல ஒண்ணு" என்று விரலால் காட்டிக்கொண்டே போனாய். நானும் போட்டுக்கொண்டே போனேன். தம்பி நீட்டுகிற காகிதத்தை எவள் படிப்பாள்?

வித்தியாசத் தொகையில் பங்கு கொடு என்று கேட்பேன் என்று பயந்திருப்பாய். கேட்கவில்லை. ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. விலையைக் குறைத்து எழுத வைத்து அக்காவை ஏமாற்றினேன் என்று, உன் கையெழுத்தில். அது வந்த அன்றைக்கே உன் அஃபிடவிட் வரும்.

அம்சவேணி


ஓக்லா, 20 நவம்பர் 2025

அக்காவுக்கு,

ரிட்டையர் ஆகியும் ஆடிட் புத்தி போகவில்லை உனக்கு. தம்பிக்கே அப்ஜெக்‌ஷன் எழுதுகிறாய்.

வீட்டு மதிப்பு என்பது தராசில் நிறுத்து வருவதில்லை. வேல்யூயர் வருகிற அன்று வீடு எப்படி இருக்கிறது, பக்கத்துக் கட்டடம் என்ன விலைக்குப் பதிவாகியிருக்கிறது, வாடகைக்கு ஆள் வருகிறானா, இதையெல்லாம் பார்த்து ஒரு எண் எழுதுவான். 2022 என்ன நேரம் என்று மறந்துவிட்டாயா? கொரோனா முடிந்து கோச்சிங் சென்டரெல்லாம் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்தது. வீடு ஏழு மாதம் காலி. அந்த நேரத்து விலை அது. அதற்குப் பிறகு கூரைக்கும் தூணுக்கும் ஒன்பது லட்சம் கொட்டியிருக்கிறேன், பில் இருக்கிறது. இன்றைக்குச் சந்தை ஏறினால் அதற்கும் நான்தான் குற்றவாளியா?

அப்பா கடைசி இரண்டு வருஷம் எங்கே இருந்தார்? என் வீட்டில். டயப்பர் மாற்றியது யார்? நீ லூதியானாக்காரி என்று மூக்கைச் சுளிக்கிறாயே, என் மனைவி, அவள். நீ ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு வந்து, அப்பாவுக்குத் தலை வாரிவிட்டு, மெட்ரோ கூட்டம் ஏறும் முன் கிளம்பிவிடுவாய். அதற்கெல்லாம் எந்த வேல்யூயர் விலை போட்டான்? அதைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

உன் பெண் பிரியதர்ஷினி கல்யாணத்தில், "நாப்பத்திரண்டு லட்சம் கைல இருக்கு, எங்க அக்காவுக்கு என்ன கவலை" என்று நான் சொன்னது உனக்குக் குத்திவிட்டது, அன்றிலிருந்துதான் இந்த பிளாக். உண்மையைத்தானே சொன்னேன். ஏமாற்றினேன் என்று நான் எழுதித் தரமாட்டேன். செய்யாததை எழுத என்னால் முடியாது. கையெழுத்தைப் போட்டு அனுப்பு.

கதிரவன்


மயூர் விஹார், 30 நவம்பர் 2025

கதிரவா,

கரோல் பாக் போய் வந்தேன். மாடி ஏற இருபது நிமிஷம் ஆயிற்று, ஆனாலும் ஏறினேன்.

கதவைத் திறந்தது பொன்னி. நீதானே பையன்களுக்குச் சமைக்க அவளை வைத்திருக்கிறாய். அவள் குடிசை இருந்த மதராசி கேம்ப்பை இடித்த பிறகு, மாற்று வீடு கொடுத்த நரேலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம், அதற்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுக்கவில்லை நீ. அப்பா இரண்டு ரூமும் ஹாலுமாக வாங்கிய வீட்டைப் பிளைவுட் அடித்து ஏழாகத் தடுத்திருக்கிறாய். ஐஏஎஸ் படிக்க வந்த ஏழு பையன்கள், ஏழு கட்டில். பால்கனியை மூடி அதில் அடுப்பு. பாத்ரூம் ஒன்று.

ரிப்போர்ட்டில் இருக்கும் போட்டோவைப் பொன்னியிடம் காட்டினேன். சோபா, திரைச்சீலை, வெள்ளைச் சுவர். அவள் பார்த்துவிட்டு, "இது தீவாளிக்கு எடுத்ததுக்கா. பசங்க ஊருக்குப் போனதும் அண்ணன் ஆள் வச்சுப் பலகையெல்லாம் கழட்டி மொட்ட மாடில அடுக்கிட்டாரு. சோபா வாடகைக்கு வந்துச்சு. பேங்க் ஆளு வந்து பாத்துட்டுப் போனான், மறுநாளே பழையபடி பலகைய அடிச்சாச்சு" என்றாள். அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. வேலைக்காரியை ஏன் குறை சொல்ல வேண்டும்.

ஆக விலை ஏற வேண்டுமென்றால் வீட்டுக்கு மேக்கப் போடுகிறாய், இறங்க வேண்டுமென்றால் அழுக்கைக் காட்டுகிறாய். முதல் வேலையை உன் பேங்கிடம் செய்தாய். இரண்டாவதை என்னிடம் செய்தாய்.

நேற்று 2022 ரிப்போர்ட்டின் காப்பி, நம் கிரயப் பத்திரத்தின் காப்பி, கூடவே இங்கிலீஷில் ஒரு பக்கக் கடிதம், மூன்றையும் உன் புது பேங்க் மேனேஜருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். இரண்டு ரிப்போர்ட்டில் ஒன்று பொய், எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று எழுதியிருக்கிறேன். உனக்குத் தெரியாமல் செய்யக் கூடாது என்பதால் இதைச் சொல்கிறேன். உன்னிடம் அந்த மரியாதைகூட எனக்குக் கிடைக்கவில்லை.

அம்சவேணி


ஓக்லா, 19 டிசம்பர் 2025

அக்காவுக்கு,

சந்தோஷமா? கேட்டுக்கொள்.

பேங்க் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு இரண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் விரித்தான். "கதிரவன் ஜி, இன் தோனோ மே சே சஹி கௌன்சா ஹை?" என்றான். இரண்டில் எது சரி என்று என்னிடமே கேட்கிறான். நான் என்ன சொல்ல? புதியது சரி என்றால் அன்று அக்காவை ஏமாற்றியவன், பழையது சரி என்றால் இன்று பேங்கை ஏமாற்றுபவன். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு வேல்யூயரை அனுப்பினார்கள். பையன்கள் எல்லோரும் உள்ளே, பலகையெல்லாம் அப்படியே. இப்படித் தடுத்த வீட்டுக்கு வாடகை எவ்வளவு வந்தாலும் சரி, கடன் திரும்பி வராமல் போய் ஏலம் விட்டால் வாங்க ஆள் வராது என்று எழுதிவிட்டான். அந்தக் கட்டடத்தில் சமீபத்தில் பதிவான பத்திரம் நம்முடையது ஒன்றுதான். பாதி வீடு நாற்பத்திரண்டு லட்சம். அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தொண்ணூற்றெட்டு லட்சம் போட்டான். அதில் நூற்றுக்கு அறுபது போட்டு, பழைய பாக்கியைக் கழித்தால் எனக்கு வருவது இருபத்திரண்டு லட்சத்துச் சொச்சம். வர வேண்டியது அறுபத்தேழு.

ஒன்று யோசித்துப் பார்த்தாயா? 2025-இல் தொண்ணூற்றெட்டு என்று பேங்கே முத்திரை போட்டுவிட்டது. அப்படியானால் 2022-இல் எண்பத்து நாலு என்றது நியாயமான விலைதான். நான் உன்னை ஏமாற்றவில்லை என்பதற்கு அத்தாட்சியை நீயே ஸ்பீட் போஸ்ட் செலவு பண்ணி வாங்கிக் கொடுத்திருக்கிறாய். இனி உன் அஃபிடவிட்டும் வேண்டாம், நாக்கு வழிக்கக்கூட உதவாது.

தொழிலைப் பெரிதாக்க என்று எழுதியிருந்தேன். பொய். பைனான்ஸ்காரனிடம் அறுபது லட்சம் நிற்கிறது. மாவு மிஷினெல்லாம் அவனிடம் அடமானம், கையெழுத்துப் போட்ட செக்கும் அவன் கையில். ஜனவரி 31 வரை பொறுப்பான். அதற்குப் பிறகு மிஷினைத் தூக்குவான், செக்கை பேங்கில் போட்டுத் திரும்பியதும் கேஸ் போடுவான். இருபத்திரண்டு பேர் வேலை செய்யும் யூனிட். வீட்டில் யாருக்கும் தெரியாது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன், அதுவும் இப்படி.

கதிரவன்


மயூர் விஹார், 27 டிசம்பர் 2025

கதிரவா,

உன் கடிதம் வந்து நாலு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கடனை நினைத்து என்று நினைத்துக்கொள்ளாதே. நான் ஏமாந்தவள் என்பதற்கு இருந்த ஒரே அத்தாட்சியை நானே கொண்டுபோய்க் கொடுத்து அழித்துவிட்டேன் என்பதை நினைத்து. அந்த ஒரு கோடியே எழுபத்திரண்டைப் பேசாமல் விட்டிருந்தால், சாகும்வரை உன் முன்னால் நீட்டியிருக்கலாம். உன் அத்தான், "விட்டுத் தொலையேன் அம்சா" என்கிறார். விடுகிற ஜாதி இல்லை நான், அது உனக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் புத்தி வேலை செய்தது. வீட்டை எனக்கு விற்றுவிடு. விலை தொண்ணூற்றெட்டு லட்சம். உன் பேங்க் வேல்யூயர் எழுதிய விலை, அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. நீ கொடுத்த நாற்பத்திரண்டு டெபாசிட்டில் ஐம்பத்தொன்றாகக் கிடக்கிறது. ஒரு பைசா தொடவில்லை, தொட மனசு வரவில்லை. ரிட்டையர் ஆனபோது வந்தது முப்பத்தைந்து. பிரியதர்ஷினி பன்னிரண்டு தருகிறாள். முப்பத்தாறு நேரே உன் பழைய பேங்குக்குப் போகும், அறுபத்திரண்டு உன் கைக்கு வரும். பைனான்ஸ்காரன் வாயை அடைத்துவிட்டு இரண்டு லட்சம் மிஞ்சும். பத்து நாளில் முடிக்கலாம். பெண் பெயரில் பதிந்தால் முத்திரைக் கட்டணமும் குறைவு.

பழைய நிபந்தனை அப்படியே இருக்கிறது. அந்த ஒரு வரி வேண்டும். அது இல்லாமல் செக் கிழியாது.

அம்சவேணி


ஓக்லா, 5 ஜனவரி 2026

அக்கா,

இது பகல் கொள்ளை. பிளைவுட்டைப் பிடுங்கிப் போட்டால் அந்த வீடு ஒரு கோடியே அறுபது லட்சம் போகும் என்று உனக்கே தெரியும். கரோல் பாக்கில் மூன்று புரோக்கரிடம் கேட்டுவிட்டேன், மூன்று பேரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் ஆள் பிடிக்க நாலு மாதம், பாதிப் பணம் கறுப்பில், முதலில் பேங்க் பாக்கியை நான் அடைத்து டாக்குமென்டை வாங்கி வர வேண்டும். என்னிடம் இருப்பது இருபத்தாறு நாள். அதைத் தெரிந்துகொண்டுதான் நீ விலை சொல்கிறாய்.

ஒரு கோடியே இருபது கொடு. பிரியதர்ஷினியும் மாப்பிள்ளையும் இரண்டு பேரும் நொய்டாவில் கை நிறையச் சம்பாதிக்கிறார்கள், அவர்களுக்கு இருபத்திரண்டு லட்சம் லோன் கிடைக்காதா? கூடப் பிறந்தவன் கேட்கிறேன். காற்றில் புகை கூடிவிட்டது என்று கவர்ன்மென்ட் ஜெனரேட்டரை ஓட விடாமல் நிறுத்தியதில், கரண்ட் போய் ஃப்ரீசர் நின்று, டிசம்பரில் மட்டும் பதினொரு நாள் மாவு புளித்துக் கீழே கொட்டினோம். கொட்டுகிற இடத்தில் நின்று பார்த்திருந்தால் நீயே கொடுத்திருப்பாய்.

கதிரவன்


மயூர் விஹார், 9 ஜனவரி 2026

கதிரவா,

மாவு கொட்டியது கஷ்டம்தான். எனக்கும் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனால் 2022-இல் நானும் உனக்குக் கூடப் பிறந்தவளாகத்தான் இருந்தேன்.

தொண்ணூற்றெட்டு.

அம்சவேணி


ஓக்லா, 15 ஜனவரி 2026

அக்கா,

இன்று பொங்கல். என் மனைவி சர்க்கரைப் பொங்கல் வைத்து, "தீதிக்கு ஒரு போன் பண்ணேன்" என்றாள். உனக்குப் பண்ணுவதாகச் சொல்லிவிட்டு இதை எழுதுகிறேன்.

2022 மார்ச்சில் வேல்யூயருக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். என் ஸ்கூட்டரிலேயே ஏற்றிக்கொண்டு போய், மொட்டை மாடித் தொட்டியைத் திறந்துவிட்டுத் தரையில் தண்ணீர் நிற்கும்போது போட்டோ எடுக்கச் சொன்னேன். தூணில் இருந்தது வெறும் பூச்சு வெடிப்பு. வீடு அன்றைக்கே ஒரு கோடியே முப்பது போகும், புரோக்கர் சொல்லியிருந்தான். உன்னிடம் மறைத்தேன். உன்னிடம் சொன்னால் நீ பாதிக்குப் பாதி கேட்பாய், என்னால் அவ்வளவு லோன் வாங்க முடியாது, வீடு வெளியாள் கைக்குப் போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அப்பாவைப் பார்த்துக்கொண்டது நான்தானே என்றும் சொல்லிக்கொண்டேன். விலையைக் குறைத்து எழுத வைத்து அக்காவை ஏமாற்றினேன். நீ கேட்ட வரி. எழுதியதும் மனசு லேசாகும் என்று நினைத்தேன், ஒன்றும் ஆகவில்லை.

வீட்டை நீ எடுத்துக்கொள். எனக்கு வேறு வழி இல்லை.

ஆனால் என்னையும் ஒன்று கேட்க விடு. நான் செய்ததற்கும் நீ இப்போது செய்வதற்கும் என்ன வித்தியாசம்? நான் ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி உன்னிடம் வாங்கினேன், நீ ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி என்னிடம் வாங்குகிறாய். என் ரிப்போர்ட் பொய், உன்னுடையது பேங்க் போட்டது, அவ்வளவுதான் என்பாய். வீட்டின் நிஜ விலை உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் என் வரியை எழுதிவிட்டேன். தைரியம் இருந்தால் நீயும் உன் வரியை எழுதி அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸுக்கு வருவேன்.

கதிரவன்


மயூர் விஹார், 18 ஜனவரி 2026

கதிரவா,

ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் டோக்கன் எடுத்தாகிவிட்டது. 23-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பதினொன்றரை மணி. ஆதார், பான் கார்டு, இரண்டு போட்டோ கொண்டு வா. என் பக்கம் சாட்சிக்கு உன் அத்தான் வருவார், உன் பக்கத்துக்கு நீ ஒருவரைக் கூட்டி வா. பையன்களுக்குப் பரீட்சை முடியும் வரை பலகையைக் கழற்றமாட்டேன், சொல்லிவிடு. பொன்னிக்குச் சம்பளம் இனி நான் கொடுப்பேன்.

நீ கேட்ட வரி இது. அந்த வீடு ஒரு கோடியே அறுபது லட்சம் போகும், உன் கழுத்துக்குக் கத்தி வந்திருக்கிறது, இரண்டும் தெரிந்துதான் தொண்ணூற்றெட்டுக்கு வாங்குகிறேன்.

அம்சவேணி